விழுந்த மரம் விறகாகத்தான் போகணுமா? புதுச்சேரியில் பாதை மாறிய ஜார்ஜ் நகாஷிமாவின் கதை

2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அதற்கு ஆறு வருஷம் முன்பு, 2016 டிசம்பர் 12-ல், வர்தா புயல் சென்னையையும் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தையும் உலுக்கிப் போட்டது. இரண்டு தடவையும் மறுநாள் காலையில் நடந்தது ஒன்றுதான். சாலையை மறித்துக் கிடந்த தூங்குமூஞ்சி, வேம்பு, பூவரசு மரங்களை இயந்திர ரம்பத்தால் இரண்டடி, மூன்றடித் துண்டுகளாக அறுத்து ஓரம் கட்டினார்கள். போக்குவரத்து சரியாகணும், வேறு வழியில்லை. ஆனால் அப்படித் துண்டு போட்ட நிமிஷத்திலேயே அந்த மரத்தின் அடுத்த கதி முடிவாகிவிடுகிறது. அடுப்பு, இல்லாவிட்டால் சூளை.

அதே மரத்தை ஆறடி, ஏழடி நீளத்துக்கு விட்டு, மில்லில் கொடுத்து நீளவாக்கில் பலகையாக அறுத்தால் கதை வேறு. மரத்தின் வளைந்த ஓரம், கணு, விரிசல் எதையும் மறைக்காமல், ஒரே பலகையில் செய்த பெஞ்சை இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து காபி கடைகளிலும் ரிசார்ட்டுகளிலும் பார்க்கலாம். ஆன்லைன் கடைகளில் ‘லைவ் எட்ஜ்’ என்ற பெயரில் நல்ல விலைக்குப் போகிறது. இது ஏதோ நேற்று வந்த ஃபேஷன் மாதிரி தெரியும். அப்படி இல்லை. இந்தப் பாணியை உலகம் முழுக்கத் தெரியவைத்தவர் ஜார்ஜ் நகாஷிமா. அவர் மேசை நாற்காலி வடிவமைப்பில் கைவைத்த ஆரம்ப நாட்கள் கழிந்தது மாமல்லபுரத்திலிருந்து தெற்கே சுமார் 95 கி.மீ. தூரத்தில், புதுச்சேரியில்.

யார் இந்த நகாஷிமா?

1905 மே 24-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஸ்போகேன் நகரில் பிறந்தவர். பெற்றோர் ஜப்பானிலிருந்து குடியேறியவர்கள். சின்ன வயதில் சாரணர் இயக்கத்தில் சேர்ந்து, அந்தப் பகுதியின் மலைகளிலும் காடுகளிலும் சுற்றித் திரிந்தார். மரத்தின் மேல் அவருக்கு இருந்த பிடிப்பு அங்கே உண்டானது. கல்லூரியிலும் முதலில் எடுத்தது வனவியல்தான். பிறகுதான் கட்டிடக்கலைக்கு மாறினார். 1929-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அடுத்து மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியில் முதுகலை முடித்தார்.

படிப்பு முடிந்த நேரத்தில் அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் சிக்கியிருந்தது. கிடைத்த வேலையைக் கொஞ்ச நாள் பார்த்தவர், இருந்த காரை விற்று, உலகம் சுற்றும் கப்பல் டிக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாரிஸில் கொஞ்ச காலம். அங்கிருந்து வட ஆப்பிரிக்கா வழியாகக் கிழக்கே வந்து, கடைசியில் ஜப்பான். டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டிடக்கலைஞரின் அலுவலகத்தில் 1934-ல் சேர்ந்தார். ஜப்பானியத் தச்சர்கள் ஆணி இல்லாமல் மரத்தோடு மரத்தைப் பூட்டும் விதத்தை அங்கே நேரில் பார்த்தார். ஆனால் அப்போது அவர் தச்சர் இல்லை. வரைபலகையில் குனிந்து கோடு போடும் ஆள், அவ்வளவுதான்.

புதுச்சேரிக்கு எப்படி வந்தார்?

அன்று புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. வடக்கே செங்கல்பட்டு உட்பட சுற்றுவட்டாரம் பிரிட்டிஷ் இந்தியா. அரவிந்தர் ஆசிரமத்தில் சீடர்கள் தங்க ஒரு விடுதி கட்டும் வேலை ரேமண்ட் அலுவலகத்துக்கு வந்தது. பணம் கொடுத்தவர் ஹைதராபாத் நிஜாம் அரசின் திவான் சர் அக்பர் ஹைதரி. அந்த நன்றிக்காக, ஹைதராபாத் பக்கத்து வைரத்துக்குப் பேர்போன கோல்கொண்டாவின் பெயரே கட்டிடத்துக்கு வந்தது. இன்றும் அதன் பெயர் ‘கோல்கோண்ட்’.

மேற்பார்வைக்கு ஆள் வேண்டும் என்றபோது நகாஷிமா 1937-ல் வந்தார். செக் நாட்டுக் கட்டிடக்கலைஞர் பிரான்டிசெக் சம்மரும் இந்த வேலையில் சேர்ந்துகொண்டார். கட்டிட வேலைக்கு வந்த நகாஷிமா ஆசிரம வாழ்க்கையிலேயே கலந்துவிட்டார். சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சீடரானார். அரவிந்தர் அவருக்கு வைத்த பெயர் சுந்தரானந்தா. அழகில் ஆனந்தம் காண்பவர் என்று பொருள்.

கோல்கோண்ட் இந்தியாவின் முதல் நவீனக் கட்டிடங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதன் சிறப்பு புதுச்சேரி, மாமல்லபுரம் கரைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். இந்தக் கடலோரத்து வெயிலும் புழுக்கமும்தான் அதன் வடிவத்தைத் தீர்மானித்தன. ஜன்னல் கண்ணாடி கிடையாது. சுவர் நீளத்துக்கும் திறந்து மூடும் படுக்கைப் பலகைகள். வெயிலும் மழையும் உள்ளே வராது, கடல் காற்று வரும். அறைக்கும் நடைக்கும் நடுவே தேக்கில் செய்த நகரும் கதவுகள். அதிலும் காற்று புகச் சட்ட இடைவெளி. பார்வை மறையும், காற்று மறையாது.

அறைகளுக்குள் வைக்கக் கட்டில், மேசை, நாற்காலி வேண்டுமே? அவற்றையும் தேக்கில் செய்தார்கள். அந்த வடிவமைப்பில் நகாஷிமாவுக்குப் பங்கு உண்டு. வேலை செய்தவர்களில் கூலிக்கு வந்தவர்களோடு ஆசிரமத்துச் சீடர்களும் இருந்தார்கள். அவசரம் யாருக்கும் இல்லை. ஒரு பொருளைச் சரியாகச் செய்வதே வழிபாடு என்ற எண்ணம் அங்கே நடைமுறையில் இருந்தது. கட்டிடம் முழுசாக முடிந்தது 1940-களில். நகாஷிமா அதுவரை இருக்கவில்லை. 1939-ல் புறப்பட்டுவிட்டார். ஆனால் வேலை வேறு, வாழ்க்கை வேறு இல்லை என்று அங்கே மனதில் பதிந்தது கடைசிவரை மாறவில்லை.

கட்டிடக்கலையை ஏன் விட்டார்?

ஜப்பான் வழியாக 1940-ல் அமெரிக்கா திரும்பினார். ஜப்பானில் சந்தித்த மரியன் ஒகாஜிமாவை 1941-ல் மணந்தார். அந்தச் சமயத்தில் கலிபோர்னியாவில் ஃபிராங்க் லாயிட் ரைட் போன்ற பெரிய பெயர்களின் கட்டிடங்கள் எழும்புவதைப் போய்ப் பார்த்தார். வரைபடம் பிரமாதம். கட்டுமானத்தின் கைவேலை அவருக்குத் திருப்தி தரவில்லை. வரைகிறவர் ஒருவர், கட்டுகிறவர் இன்னொருவர் என்று இருக்கும்வரை இது சரியா வராது என்று தோன்றியது. ஆரம்பம் முதல் முடிவு வரை தன் கைக்குள் அடங்குகிற வேலை எது என்று யோசித்தவர் வந்து நின்ற இடம் மர பர்னிச்சர். சியாட்டிலில் கிறிஸ்தவ அமைப்பு ஒன்றின் கட்டிடத்தில், பையன்களுக்கு மரவேலை சொல்லிக்கொடுப்பதற்கு ஈடாகக் கிடைத்த சின்ன இடத்தில் பட்டறையைத் தொடங்கினார்.

அது நிலைக்கவில்லை.

முள்வேலிக்குள் கற்ற தொழில்

1941 டிசம்பர் 7-ல் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 19-ல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த உத்தரவால், மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு, கடை, நிலம் எல்லாவற்றையும் விட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். நகாஷிமாவும் அதில் ஒருவர். அமெரிக்க மண்ணில் பிறந்து, அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். எந்தக் குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. மகள் மீரா அப்போது கைக்குழந்தை.

அவர்கள் போய்ச் சேர்ந்தது ஐடஹோ மாநிலத்தின் பாலைவனப் பகுதியில் இருந்த மினிடோகா முகாம். தார்த்தாள் ஒட்டிய தகரக் கொட்டகை மாதிரியான வரிசை வீடுகள், புழுதிக் காற்று, சுற்றிலும் முள்வேலி. அங்கேதான் கென்டாரோ ஹிக்கோகாவா என்ற தச்சரைச் சந்தித்தார். ஜப்பானிய மரபில் முறையாகத் தொழில் கற்றவர் அவர். எம்ஐடியில் முதுகலை முடித்த நகாஷிமா அவர் பக்கத்தில் உட்கார்ந்து உளி பிடிக்கவும், இழைப்புளி தள்ளவும், ரம்பத்துக்குக் கூர் ஏற்றவும் கற்றார். தன் கைக்கு வேலையைக் கற்றுத் தந்தவர் என்று ஹிக்கோகாவாவைக் கடைசிவரை நினைத்தார்.

மரத்துக்கு எங்கே போவது? முகாம் கட்டியபோது மிஞ்சிய கழிவுத் துண்டுகள், பாலைவனத்தில் முளைத்துக் கிடந்த புதர்ச் செடிகளின் முறுக்கிய கட்டைகள், இவ்வளவுதான் கையில் கிடைத்தன. நேரான பலகை இல்லை. இருக்கிற கோணலை வைத்துத்தான் அலமாரியும் மேசையும் செய்தாக வேண்டும். வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட மனிதர், வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட கட்டையைக் கையில் எடுத்தார். பின்னாளில் உலகம் கொண்டாடிய பாணிக்குப் பயிற்சி இதுதான்.

இந்தச் சிறைவைப்பு தவறு என்று அமெரிக்க அரசு சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டது 1988-ல். உயிரோடு இருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் இழப்பீடும் அறிவித்தது. அப்போது நகாஷிமாவுக்கு வயது 83.

கழித்துப்போட்ட கட்டையில் தொடங்கிய பட்டறை

1943-ல் பழைய முதலாளி ரேமண்ட் பொறுப்பேற்றுக்கொண்டதால் குடும்பம் முகாமிலிருந்து வெளியே வந்தது. பென்சில்வேனியாவின் நியூ ஹோப் ஊரில் இருந்த ரேமண்டின் பண்ணையில் கோழி வளர்ப்பு வேலை. கொஞ்ச காலத்தில் பக்கத்திலேயே ஒரு சரிவு நிலத்தை, பணத்துக்குப் பதிலாகத் தன் உழைப்பைக் கொடுத்து வாங்கினார். முதலில் பட்டறை கட்டினார். வீடு அதற்கப்புறம்தான்.

நல்ல பலகை வாங்கக் காசில்லை. மர மில்களில் யாரும் சீண்டாமல் கிடந்த ஓரப் பலகைகள், வெடித்தவை, கணு விழுந்தவை, ஓட்டை உள்ளவை மலிவாகக் கிடைத்தன. அதை வாங்கினார். வழக்கமான தச்சர் முதல் வேலையாக ஓரத்தைச் சீவி நேராக்குவார், வெடித்த பகுதியை வெட்டி எறிவார். நகாஷிமா இரண்டையும் செய்யவில்லை. மரம் வளர்ந்த ஓரம் அப்படியே முன்னால் தெரியட்டும் என்று விட்டார். சரி, விரிசலை அப்படியே விட்டுவிட்டாரா? இல்லை. விரிசல் மேலும் போகாதபடி அதன் குறுக்கே உடுக்கை வடிவில் ஒரு கட்டையைப் பதித்தார். இரண்டு பக்கமும் அகலம், நடுவில் இடுப்பு மாதிரி ஒடுக்கம். இரண்டு பக்கத்து மரத்தையும் அது கவ்விப் பிடிக்கும். பூசி மறைக்கிற வேலை இல்லை. விரிசலும் தெரியும், அதைப் பிடித்திருக்கும் கட்டையும் தெரியும். பட்டாம்பூச்சிப் பூட்டு என்று மேல்நாட்டுத் தச்சர்கள் சொல்லும் இந்த உத்தி பழசுதான், அவர் கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் இன்று அதைப் பார்த்தவுடன் நினைவுக்கு வருவது அவர் பெயர்.

வேலை வளர்ந்தது. நோல் என்ற பெரிய பர்னிச்சர் நிறுவனத்துக்கு 1940-களில் நாற்காலி வடிவமைத்தார். அமெரிக்கக் கட்டிடக்கலைஞர்கள் கழகம் கைவினைக்கான தங்கப் பதக்கத்தை 1952-ல் கொடுத்தது. 1950-களின் கடைசியில், சங்கின் வளைவு மாதிரி மடிந்த மெல்லிய கான்கிரீட் கூரையோடு தன் பட்டறை வளாகத்தில் ஒரு கூடம் கட்டினார். ‘கோனாய்ட் ஸ்டூடியோ’ என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரிலேயே 1960-களில் பிரபலமானது அவருடைய பெஞ்ச். கனமான வால்நட் மரப் பலகை ஒன்று உட்கார. முன் ஓரம் மரம் வளர்ந்தபடியே நெளிந்து போகும். பின்பக்கம் சாய ஹிக்கரி மரத்தில் கடைந்த மெல்லிய குச்சிகளின் வரிசை. எந்த இரண்டு பெஞ்சும் ஒரே மாதிரி இருக்காது. எந்த இரண்டு மரமும் ஒரே மாதிரி இல்லையே!

1964-ல் மறுபடியும் இந்தியா வந்தார். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்காக பர்னிச்சர் வகைகளை வடிவமைத்தார். அங்கே உள்ள பட்டறையிலேயே அவை செய்யப்பட்டன.

ஒரு பலகை பெஞ்சாவது எப்படி?

நகாஷிமாவின் வேலைமுறையைப் பார்த்தால், பெஞ்ச் செய்வதில் பாதி வேலை உளியைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

முதல் படி, அறுப்பு. பெரிய அடிமரம் மில்லுக்கு வந்தால் அவரே போய் நிற்பார். எந்தப் பக்கம் முதலில், எத்தனை அங்குலக் கனம் என்று ஒவ்வொரு வெட்டுக்கும் அவர்தான் சொல்வார். ஒரு தப்பான வெட்டு நூறு இருநூறு வருஷ மரத்தைக் கெடுத்துவிடும். வைரக்கல்லை வெட்டுவது போன்ற வேலை இது. தமிழில் மரத்தின் நடுப்பகுதிக்கும் வைரம் என்றுதானே பெயர்! நம்ம ஊர்ச் சாலையோர மரமாக இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. விளம்பரப் பலகை மாட்ட அடித்த ஆணி உள்ளேயே புதைந்திருக்கும். மில் வாளின் பல் போய்விடும். அதனால் அறுப்பதற்கு முன் உலோகம் காட்டும் கருவியால் பார்ப்பது நல்லது. பெஞ்சுக்கு இரண்டரை முதல் மூன்று அங்குலக் கனம் போதும்.

இரண்டாவது, காய வைத்தல். பச்சைப் பலகையில் பெஞ்ச் செய்தால் சில மாதத்தில் வளையும், வெடிக்கும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது காற்றில் உலர்த்துவதற்குத் தோராயமான கணக்கு. பலகையின் இரண்டு முனைகளிலும் பெயிண்ட் அல்லது மெழுகு பூச வேண்டும். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாகப் போகும், அங்கேதான் முதலில் வெடிக்கும். தரையிலிருந்து உயர்த்தி, இடையிடையே ரீப்பர் கட்டை வைத்து, நிழலில் அடுக்கி, மேலே பாரம் ஏற்ற வேண்டும். நகாஷிமா ஒரே மரத்துப் பலகைகளை அறுத்த வரிசை மாறாமல் அடுக்கி வைப்பார். எந்தப் பலகை எதுவாகும் என்று முடிவு செய்யச் சில சமயம் பல வருஷம் காத்திருப்பார்.

மூன்றாவது, பட்டை நீக்குதல். மரப்பட்டையோடு விட்டால் அழகுதான், ஆனால் வண்டும் பூச்சியும் அங்கேதான் குடியிருக்கும். கொஞ்ச நாளில் அதுவே உதிரும். மழுங்கிய உளியால் பட்டையை மட்டும் பெயர்த்தால் உள்ளே இயற்கை ஓரம் அடிபடாமல் வெளிவரும். வெளுப்பான வெளிமரத்தைப் பூச்சி சீக்கிரம் தின்னும் என்பதால் அதற்கு மருந்து அடிப்பதும் அவசியம்.

நான்காவது, விரிசலைப் பிடித்தல். உடுக்கைக் கட்டையை, பலகையைவிடக் கெட்டியான மரத்தில் செய்வார்கள். முதலில் கட்டை, பிறகு அதை விரிசலின் குறுக்கே வைத்துக் கூர்மையான கத்தியால் கோடு கீறி, அந்த அளவுக்குப் பள்ளம். ஆழம் பலகைக் கனத்தில் மூன்றில் ஒரு பங்காவது வேண்டும். கட்டையின் ரேகை விரிசலுக்குக் குறுக்கே ஓட வேண்டும், இல்லாவிட்டால் கட்டையே இடுப்பில் உடையும்.

ஐந்தாவது, கால். கால் கட்டையின் மேல்முனையை நாக்கு மாதிரி செதுக்கி, பலகையில் போட்ட துளை வழியாக மேலே வரவிட்டு, அதைப் பிளந்து ஆப்பு அடித்து இறுக்குவது பழைய முறை. ஆப்பு எப்போதும் பலகையின் ரேகைக்குக் குறுக்காக உட்கார வேண்டும். ரேகை போகும் திசையிலேயே அடித்தால் பலகை பிளந்துவிடும். உட்காரும் உயரம் சுமார் 17 அங்குலம். இரும்பு ஆணி கடலோரத்தில் சீக்கிரம் துருப்பிடித்து மரத்தில் கறுப்புக் கறை விடும். தப்பித்தவறித் திருகாணி போட்டாலும் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு போடலாம்.

கடைசி, மெருகு. பெரிய உப்புத்தாளில் தொடங்கிப் படிப்படியாக நைஸான தாள் வரை, ரேகையின் போக்கில் தேய்க்க வேண்டும். நகாஷிமா பளபளக்கும் வார்னிஷை நாடவில்லை. எண்ணெயைத் தேய்த்து ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்து, காயவிட்டு மறுபடி மறுபடி பூசுவார். மரத்தைத் தொட்டால் மரமாகவே தெரியும். ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் போல உலரும் எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகுதான் குப்பையில் போடணும். வெயில் மழையில் கிடக்கும் பெஞ்சுக்கு வருஷம் ஒரு தடவையாவது எண்ணெய் தேவை.

பணக்காரர் வீட்டுப் பொருளாகிவிட்டதா?

இந்தக் கேள்வி அவர் உயிரோடு இருந்தபோதே எழக்கூடியதாக இருந்தது. காசில்லாமல் கழிவுப் பலகையில் தொடங்கியவரிடம் 1973-ல் நெல்சன் ராக்பெல்லர் நியூயார்க் அருகே இருந்த தன் வீட்டுக்கு 200-க்கும் மேற்பட்ட பொருட்களைக் கேட்டு வாங்கினார். அதன் பிறகு விலையும் பெயரும் எங்கோ போய்விட்டன. ஏலங்களில் இன்று அவர் மேசைகள் லட்சக்கணக்கான டாலருக்குப் போகின்றன. எளிமை, பற்றின்மை என்று ஆசிரமத்தில் கற்றவரின் பொருள் சேகரிப்பாளர்களின் சொத்தானது முரண்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. அகலமான ஒற்றைப் பலகைக்கு மவுசு கூடியதால், நின்றுகொண்டிருக்கும் பெரிய மரத்துக்கே கண் வைக்கும் வியாபாரமும் வந்தது. வெடிப்பில் நீல நிறப் பிசினை ஊற்றி நதி மாதிரி காட்டும் மேசைகளும் அவர் பெயரின் நிழலில்தான் விற்கின்றன. அவர் செய்தது வேறு. அவரைப் பொறுத்தவரை, மரத்துக்கு இரண்டாவது வாழ்க்கை கொடுப்பதுதான் தச்சரின் கடமை. 1981-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் பெயரே ‘மரத்தின் ஆன்மா’ என்று பொருள்படும். பொருளின் அடிப்பக்கத்தில் தன் பெயரைவிட முக்கியமாக, யாருக்காகச் செய்தாரோ அவர் பெயரை எழுதி வைப்பது அவர் பட்டறையின் வழக்கம். இது கடைச் சரக்கு இல்லை, ஒருவருக்காக ஒரு மரத்தில் செய்தது என்பதற்கு அடையாளம்.

இந்தியாவுக்குத் திரும்பி வந்த மேசை

1980-களின் நடுவில் மிகப் பெரிய வால்நட் அடிமரம் ஒன்று அவர் கைக்கு வந்தது. அதை விற்பனைக்கு வைக்காமல், ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒரு அமைதி மேசை செய்வது என்று முடிவெடுத்தார். போரின் பெயரால் முள்வேலிக்குள் வைக்கப்பட்டவருக்கு இந்த ஆசை வந்ததில் வியப்பில்லை. முதல் மேசை 1986-ன் கடைசி நாளில் நியூயார்க்கின் புனித ஜான் தேவாலயத்தில் நிறுவப்பட்டது. இரண்டு பெரிய பலகைகளைச் சேர்த்துச் செய்த அந்த மேசையிலும் நடுவில் இயற்கை ஓரங்களும், அவற்றைப் பிடிக்கும் உடுக்கைக் கட்டைகளும் அப்படியே தெரியும்.

மற்ற மேசைகளைப் பார்க்க அவர் இல்லை. 1990 ஜூன் 15-ல் காலமானார். முகாமில் கைக்குழந்தையாக இருந்த மகள் மீரா, கட்டிடக்கலை படித்து அப்பாவோடு பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்தவர். அவர் பொறுப்பேற்றார். ஆசியாவுக்கான அமைதி மேசை 1996-ல் புதுச்சேரி அருகே ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது. அரை நூற்றாண்டுக்கு முன்பு அவர் கோல்கோண்ட் கட்ட வந்த அதே கரை. நியூ ஹோப்பில் உள்ள பட்டறை வளாகத்தை அமெரிக்க அரசு 2014-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. வேலை அங்கே இன்னமும் நடக்கிறது.

செங்கல்பட்டு கரைக்கு இதில் என்ன இருக்கு?

இந்தக் கடலோரத்துக்கு மரவேலை புதுசில்லை. மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டில் பல்லவர்கள் குடைந்த ஐந்து ரதங்களை உற்றுப் பார்த்தால், அவை கல்லில் செய்த மரவேலை என்று தெரியும். கூரையின் வளைவும் உத்தரமும் வாரை முனைகளும் மரக் கட்டிடத்தின் சாயல்தான். மூலமாக இருந்த மரக் கட்டிடங்கள் கரையானுக்கும் ஈரத்துக்கும் போய்விட்டன. கல் மட்டும் மிஞ்சியது. அதே ஊரில் 1957-ல் தொடங்கிய அரசு கட்டிடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியில் மரச் சிற்பமும் இன்று பாடம். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் பழைய மரத் தூண்களும் கதவுகளும் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தப்பட்டிருக்கின்றன. ஆசாரிகளும் இருக்கிறார்கள், மரமும் இருக்கிறது. நடுவில் விட்டுப்போவது புயலுக்குப் பிந்தைய அந்த ஒரு வாரம்தான்.

வீட்டு வளாகத்தில் ஒரு வேம்போ பூவரசோ விழுந்தால், கிளைகளைக் கழித்துவிட்டு அடிமரத்தை மட்டும் ஆறடிக்குக் குறையாமல் விடச் சொல்லலாம். முனைகளில் அன்றே பெயிண்ட் அடிக்கலாம். செங்கல் வைத்து நிலத்திலிருந்து உயர்த்திவிட்டால் கரையான் ஏறுவது தாமதமாகும். பிறகு மில். பொது இடத்தில் விழுந்த மரம் என்றால் அது எடுத்தவருக்குச் சொந்தமில்லை. உள்ளாட்சி அமைப்பையோ அந்த நிலத்துக்குரிய துறையையோ கேட்டுத்தான் ஆகணும். நின்றுகொண்டிருக்கும் மரத்தை பெஞ்சுக்காக வெட்டுவது இதில் சேராது.

பள்ளி வளாகத்தில் ஐம்பது வருஷம் நிழல் தந்த தூங்குமூஞ்சி மரம் விழுந்தால், அதில் நான்கு பெஞ்சாவது தேறும். இரண்டு மூன்று வருஷம் காயணும், அதுவரை ஒரு கொட்டகையில் ஒரு மூலை வேணும். செலவைவிடப் பெரிய தேவை பொறுமை. கையில் காசில்லாதபோதும், கட்டை கோணலாக இருந்தபோதும் நகாஷிமாவிடம் குறையாமல் இருந்தது அது ஒன்றுதான்.